ஸ்கூபா டைவிங் கத்துக்கணுமா? அந்தமானா, பாண்டிச்சேரியான்னு சண்டை போடறதுக்கு முன்னாடி...

அக்காவுக்கு 31 வயது. தம்பிக்கு 26. இருவருமே சென்னையில் வேலை பார்க்கிறார்கள். ஜனவரியில் ஒரு வாரம் லீவு போட்டு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் சண்டை.

"அந்தமான்தான்டா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பது அக்கா கட்சி.

"ஃப்ளைட், ஃபெர்ரி, ரூம்னு காசு பறந்துடும்க்கா. பாண்டிச்சேரின்னா காலையில பஸ் ஏறினா போதும்" என்பது தம்பி கட்சி.

நாலைந்து இடங்களுக்கு போன் போட்ட பிறகுதான் முதல் குழப்பம் தெளிந்தது. நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் போடும் 'ஸ்கூபா பண்ணிட்டேன்' படங்களில் பெரும்பாலானவை ஒரு தடவை இறங்கிப் பார்க்கும் 'ட்ரை டைவ்'. பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். படம் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்காது. 'நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்' என்ற விளம்பரமும் இதற்குத்தான்.

சான்றிதழ் வேண்டுமென்றால் 'ஓப்பன் வாட்டர் டைவர்' கோர்ஸ். பாடி (அம்பத்தூர் பக்கத்துப் பாடி இல்லை, உலகம் முழுக்க டைவிங் சான்றிதழ் தரும் அமைப்பு), எஸ்.எஸ்.ஐ. என்று சில அமைப்புகள் இதை நடத்துகின்றன. வகுப்புப் பாடம், நீச்சல் குளத்திலோ அலையில்லாத ஆழமற்ற கடலிலோ பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். வழக்கமாக மூன்று, நான்கு நாள் ஆகும். பாடி கோர்ஸில் நிற்காமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். முடித்துவிட்டால் சான்றிதழ் பெற்ற இன்னொருவர் துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை, பயிற்சியாளர் இல்லாமலே இறங்கலாம்.

இடத்தை முடிவு செய்வதில் பருவமழைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தமானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அலையுமாக இருக்கும். கர்நாடகாவில் முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணி தீவும் அப்படியே. புதுச்சேரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்கும்; மற்ற நாட்களிலும் தண்ணீரின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இலங்கை கைகொடுக்கும். திருகோணமலை மே முதல் செப்டம்பர் வரை, ஹிக்கடுவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்று கடல் முறை வைத்துக்கொள்கிறது.

அக்கா போட்ட பட்ஜெட்டில் ஒரு நாள் உதைத்தது. பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்புக்குள் கரையும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. காலையில் டைவ், மதியம் ஃப்ளைட் என்று யாராவது பேக்கேஜ் நீட்டினால் வேண்டாம் என்பதே நல்லது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்து, நான்கு டைவை மட்டும் வேறு இடத்தில் போடும் 'ரெஃபரல்' வசதி இருப்பதும் போனில்தான் தெரிந்தது. இதை விசாரிக்காமலே நிறைய பேர் லீவை வீணாக்குகிறார்கள்.

சண்டையை உண்மையில் முடித்து வைத்தது கடலும் இல்லை, காசும் இல்லை. ஒரு மருத்துவப் படிவம்.

கோர்ஸில் சேரும் எல்லோரும் அதை நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இதயப் பிரச்னை, வலிப்பு, காது ஆபரேஷன் என்று கேள்விகள் வரும். சிக்கலான கேள்விக்கு 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. போன மழைக்காலத்தில்கூட இன்ஹேலர் எடுத்தான்.

ஓரிடத்தில் போனை எடுத்தவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எல்லாத்துக்கும் 'நோ' போட்டுடுங்க" என்றார். விலையும் குறைவு. இன்னோர் இடத்தில் பேசிய பெண் பயிற்சியாளர், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே படிவத்தை அனுப்பினார். "டாக்டர் லெட்டர் வந்ததும் பணம் கட்டுங்க, போதும்" என்றார். ஒரு பேட்ச்சில் நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, படகில் ஆக்ஸிஜன் இருக்கும், கடல் சரியில்லையென்றால் மறுநாள் என்று கேட்காமலே அடுக்கினார். (முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல, அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்றுதான். அந்த ஆக்ஸிஜன் அவசரத்துக்கு.)

தம்பிக்குக் கோபம். "காசு கொடுக்கறேன்னு சொன்னாலும் வாங்க மாட்டேங்கறாங்க!"

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் நிரம்பிய காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கக் கூடாது என்பது டைவிங்கின் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வீசிங்கில் மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று வெளியே வர வழியில்லாமல் போனால் நுரையீரல் கிழிந்துவிடலாம். படிவத்தில் 'நோ' போட்டுவிட்டால் இது மாறிவிடாது.

நுரையீரல் டாக்டர் ஊதச் சொன்னார். ட்ரெட்மில்லில் ஓடவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "இப்போதைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேலே மிதந்து பார்க்கிற ஸ்நார்க்கெலிங் பண்ணுங்க. இன்ஹேலர் படகிலேயே இருக்கட்டும்."

வீடு வரும்வரை தம்பி பேசவில்லை. அக்கா டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறேன் என்றபோதுதான் வாயைத் திறந்தான். "நீ போக்கா. நான் மேல மிதந்துக்கிட்டே உன் குமிழியை எண்றேன்."

படிவம் அனுப்பிய அந்தப் பயிற்சியாளர் இருப்பது அந்தமானின் சுவராஜ் தீவில், பழைய பெயர் ஹேவ்லாக். ஜனவரிக்கு ஒருவருக்கு கோர்ஸ், ஒருவருக்கு ஸ்நார்க்கெலிங் என்று புக் ஆகிவிட்டது. கடைசி நாள் டைவ் கிடையாது. அன்றைக்கு இருவரும் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.