கோடு போட்ட மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை தொடக்கூடாத பொருள்கள் இரண்டு. ஒன்று, அவருடைய ரிமோட். இன்னொன்று, அவருடைய கார்.

நெய்யூருக்கு லீவில் போயிருந்தேன். மாமனார் ஒரு விசேஷத்துக்காகத் திருவனந்தபுரம் கிளம்பினார். இரணியல் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றிவிட்டு, அவருடைய 2007 மாடல் ஆல்டோவை நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பெயர்தான் விதி. வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது 'க்ரீச்' என்றது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கப் பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு!

தினமும் காலையில் பேப்பர் படிக்குமுன் காரைத் துடைக்கிற மனிதர் அவர். மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவார். அதற்குள் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டால்..? நாகர்கோவிலுக்குப் பறந்தேன்.

"என்ன கலர் சார்?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"சில்வர்."

"சில்வர்ல எது?" என்று ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் பக்கமாக சில்வர். எல்லாமே என் மாமனார் கார் மாதிரியே இருந்தது. ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன். "இதுல பேருதான் சார் இருக்கும். கலர் கோட் வேணும்."

கோடு போட்டது நான்; கோட் கேட்கிறார் அவர்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது. அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்! 1920களில் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற சீக்கிரம் காய்கிற பெயிண்டைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. விதவிதமான நிறங்களும் வந்துவிட்டன. நம்மூர் பழைய பெயின்டர்கள் எந்த கார் பெயிண்டையும் 'டூகோ' என்பது அதனால்தான்.

இன்றைக்கு வெள்ளையிலேயே பாருங்கள். சுசுகியின் 'சுப்பீரியர் வொயிட்' 26யூ. டொயோட்டாவின் ஒரு வெள்ளை 040. ஹோண்டாவின் 'டஃபேட்டா வொயிட்' என்ஹெச்578. மூன்றும் வெள்ளைதான், ஒன்றின் மேல் இன்னொன்றை அடித்தால் வேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஆபரேஷன் செய்த டாக்டர் சோமர்வெல், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போனவர், ஓவியரும்கூட. பனிமலையை வரைந்த அவரைக் கேட்டிருந்தால், 'வெள்ளையில் எது?' என்று அவரும் திருப்பிக் கேட்டிருப்பார்!

கலர் கோட் எங்கே இருக்கும்? கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கலாம். பானெட்டுக்குள் தகடு இருக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் சேஸிஸ் நம்பரோடு டீலரிடம் போகலாம். 17 எழுத்து சேஸிஸ் நம்பருக்குள் நிறம் இருக்காது. ஆனால் அதை வைத்து அவர்கள் ரிக்கார்டில் பார்த்துச் சொல்வார்கள்.

எனக்கு பானெட்டுக்குள் கிடைத்தது. அழுக்கைத் துடைத்ததும் தரிசனம்: இசட்2எஸ். 'சில்க்கி சில்வர்'. லாட்டரி விழுந்த சந்தோஷம்! கடைக்காரர் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கலக்கிக் கொடுத்தார்.

பெயின்டர் அண்ணாச்சி கதவில் நேரே அடிக்கவில்லை. ஒரு அட்டையில் அடித்து, காயவைத்து, மேலே கிளியர் கோட்டும் அடித்து, வெயிலுக்குக் கொண்டுவந்தார். "டியூப்லைட்டுல பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார். அட்டையை முன்கதவில் வைத்தார். கிட்டத்தட்ட ஒத்துப்போனது. "இத்தன வருஷம் வெயிலு குடிச்ச வண்டியாக்கும். ஒரு சொட்டு திருத்தினா போரும்."

கோடு விழுந்த பின்கதவில் வைத்தார். சுத்தமாக ஒட்டவில்லை.

"கோட் தப்பா அண்ணாச்சி?"

"கோட் சரிதான். கதவுதான் தப்பு!" கதவு ஓரத்து ரப்பரை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே தூசி மாதிரி சில்வர் படிந்திருந்தது. "இது ஏற்கெனவே ஒருக்கா பெயிண்ட் அடிச்ச கதவாக்கும், கேட்டியளா? அடிச்சவன் கோட் பாக்காம, கண்ணு மதிப்புல அடிச்சிருக்கான். கோட்டை மட்டும் மறைக்க முடியாது. முழுக் கதவையும் உரசி அடிச்சு, பக்கத்துக் கதவுலயும் கொஞ்சம் கரைச்சு விடணும். ரெண்டு நாளாவும்."

ரெண்டு நாள்! எனக்கு இருந்தது ஐந்து மணி நேரம்.

வேறு வழியில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே சரணடைந்துவிட்டேன். "மாமா, உங்க காரை நான்..." என்று ஆரம்பித்து ரப்பர் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அத்தைகிட்ட சொல்லாண்டாம் மாப்பிள்ளே. 2011ல நானும் இடிச்சேன். அதே தூணு."

மாமனாரும் மாப்பிள்ளையும் அன்றைக்குத்தான் சிநேகிதர்கள் ஆனோம். காரை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு, 'சர்வீஸ்' என்று வீட்டில் ஒரே குரலில் சொன்னோம். ரெண்டு நாள் கழித்து வந்த காரில் நானே தேடினாலும் அந்தக் கதவு எதுவென்று தெரியவில்லை.

மாமியார் வாசலுக்கு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். பின்கதவைத் தடவிப் பார்த்தார்.

"இப்பமாவது மாப்பிள்ளையும் மாமனாருமா சேந்து ஒழுங்கா அடிச்சாச்சே!" என்றார். "இத்தன வருஷமா ஒரு கதவு மட்டும் வேற கலரு. சொன்னா அவியளுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல்ல."