சாயத்தைச் சுரண்டுமுன் சற்றுப் பாருங்கள்



உங்கள் வீட்டுக் கொல்லையில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கிறதா? பழைய இரும்பு வாங்குகிறவர் வருமுன் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

விடியுமுன் பெரட்டுக்குப் போனதும், பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்ததும், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து டிரசரிடம் விரைந்ததும் அந்தச் சைக்கிளில்தான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோனபோது எத்தனையோ சைக்கிள்கள் எடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றையாவது இன்னதென்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

கிளேபாங்கில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அப்படியொரு சைக்கிள் இருக்கிறது. பால்மரம் வெட்டிய பெரியவருடையது. அவர் இப்போது இல்லை. மேலே பச்சைச் சாயம், பெயர்த்தகடு கிடையாது. ‘அப்பாவோட ராலே’ என்றே பிள்ளைகள் சொல்லி வந்தார்கள். மூத்த மகன் அதைப் பட்டறையில் கொடுத்து, எல்லாவற்றையும் சுரண்டிப் புதுச் சாயம் அடிக்க ஏற்பாடு செய்திருந்தார். நல்லவேளையாக நாள் தள்ளிப்போயிற்று.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. மற்றச் சைக்கிள்களில் பக்கத்துக்கு ஒரு குழாய்தான் இருக்கும். இதில் பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு மெல்லிய குழாய்கள். இது ஹம்பர் சைக்கிளின் தனி அடையாளம். பெடல் பற்சக்கரத்தில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தபோது, ஐந்து மனித உருவங்கள் தெரிந்தன. அதுவும் ஹம்பரின் முத்திரையே. பிள்ளைகள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் ஹம்பர் தொடங்கிய அந்தச் சைக்கிளின் பெயரை 1932-இல் ராலே கம்பெனி வாங்கிவிட்டது. அதன் பிறகு ராலேதான் ஹம்பரைச் செய்தது.

ஆகவே, பெயர்த்தகடு இல்லையென்று மனம் தளர வேண்டாம். பற்சக்கரத்தைப் பாருங்கள். நாரை உருவம் இருந்தால் ராலே. விரித்த கை இருந்தால் ரட்ஜ். பி.எஸ்.ஏ. முதலில் துப்பாக்கித் தொழிற்சாலை. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள். ஹெர்குலிஸ் என்றிருந்தால், ஊர்ப் பெயரையும் தேடுங்கள். பர்மிங்ஹாமில் செய்ததும் உண்டு. 1949-இல் தொடங்கிய கம்பெனி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்ததும் உண்டு.

வயதை அறியப் பின்சக்கர நடுக்குடத்தைத் துடையுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர்க் குடமாக இருந்தால், அதில் எண் பொறித்திருக்கும். 54 என்றால் 1954. ஆனால் அது குடத்தின் வயதுதான். சக்கரத்தை யாராவது இடையில் மாற்றியிருக்கலாம். ஃபோர்க், பற்சக்கரம், குடம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள்.

போருக்கு முந்திய சைக்கிள் கிடைத்தால் அது அபூர்வம். 1941 டிசம்பரில் வந்திறங்கிய ஜப்பானியப் படை சைக்கிளில்தான் தெற்கே விரைந்தது. ஊர் மக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டது. டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருவதாக எண்ணியவர்களும் உண்டு.

சரி, எப்படிப் புதுப்பிப்பது? முதலில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஆணிகளை டப்பாக்களில் தனித்தனியே போட்டு, பெயர் எழுதி வையுங்கள். மண்ணெண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால், கண்ணில் படாத அடிப்பாகத்தில் ஓரங்குலம் துடைத்துப் பாருங்கள். கிளேபாங் சைக்கிளில் பச்சைச் சாயத்துக்கு அடியில் பழைய கறுப்பும் பொன்னிறக் கோடும் இருந்தன. பட்டறையில் கொடுத்திருந்தால் அந்தக் கோடு அன்றே போயிருக்கும். பெடல் தண்டைப் பிடிக்கும் காட்டர் ஆணியை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். நட்டை ஆணியின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். ராலே பெடல் அச்சின் மரை அங்குலத்துக்கு 26. மற்றப் பல சைக்கிள்களில் 24. பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் சட்டமே பாழாகும்.

கடைசியில் ஒரு வழக்கு எழுந்தது. பெரியவர் பால் வாளி கட்டுவதற்காகப் பின்னால் ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்திருந்தார். அது கம்பெனி செய்ததல்ல, வெட்டி எடுத்தால்தான் சைக்கிள் அசலாகும் என்றார் மகன். அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தச் சட்டத்துல பால் கட்டித்தானேய்யா உன்னப் படிக்க வச்சாரு?” என்று கேட்டார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அப்படி நான்கு குழாய் ஃபோர்க் வைத்த ஹம்பர் வேறெங்காவது கிடைக்கக்கூடும். அந்தச் சட்டம் வேறெங்கும் கிடைக்காது. துருவை மட்டும் நீக்கி, எண்ணெய் பூசி, அப்படியே விட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டுச் சைக்கிளிலும் அப்படி ஏதாவது ஒட்டுவேலை, லைசென்ஸ் தகடு, கையால் எழுதிய பெயர் இருந்தால் கழற்றாதீர்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் ஓடியது என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாயம் அடிப்பதை அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.