கான்கிரீட் போடும் முன்பே

திருப்பூர் வீரபாண்டியில் பனியன் கம்பெனிக்குக் கட்டடம் எழுப்புகிறவர், கட்டிங் எங்கே, தையலுக்கான பவர் டேபிள் எத்தனை வரிசை, அயர்னிங்குக்கு நீராவி எந்தப் பக்கம் வரும் என்று தொழில் தெரிந்தவரைக் கேட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவார். கலையரங்கம் கட்டும்போது இந்த வழக்கம் பெரும்பாலும் மறந்துபோகிறது. திறப்பு விழாத் தேதி குறித்த பிறகே ஒளியமைப்பாளருக்கு அழைப்பு வருகிறது.

விளைவு அரங்க வடிவமைப்புத் துறையினரான நமக்குத் தெரியும். விளக்குத் தொங்கவிடக் குழாய் இருக்காது. இருந்தால் எடை தாங்காது. பக்கத் திரைக்குப் பின்னால் நடிகர் நிற்க இடமிராது. செட் உள்ளே போக வழியிராது. ஏசி இரைச்சலில் மெல்லிய வசனம் கரைந்துபோகும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அளவு வகுக்கிறது. இரண்டு வாயிலும் மூன்று வகை எழினியும் (திரைச்சீலை) அதில் உண்டு. தூண்களின் நிழல் தொந்தரவாகாதபடி விளக்கு வைப்பதையும் அது சொல்கிறது. தூணையும் விளக்கையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. சென்னை கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலத்தை 1980களில் வடிவமைத்த அப்புக்குட்டன் நாயர் பொறியாளர்; கூடியாட்டத்திலும் கதகளியிலும் தோய்ந்தவர். 1978இல் திறந்த மும்பை பிருத்வி அரங்கத்தை நடிகை ஜெனிபர் கெண்டலும் கட்டடக் கலைஞர் வேத் சேகனும் கலந்து பேசி உருவாக்கினார்கள். சுமார் 200 பேர் மேடையை மூன்று புறமும் சூழ்ந்து அமரும் அந்த அரங்கில் நடிகர் குரலை உயர்த்தத் தேவையில்லை. 2004இல் திறந்த பெங்களூரு ரங்க சங்கரா, நடிகை அருந்ததி நாகின் நெடுநாள் உழைப்பில் உருவானது.

கொங்கு மண்ணுக்கென்று தனித் தேவைகளும் உண்டு. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் வள்ளி கும்மிக்கு உயர்ந்த மேடை பயன்படாது; சமதளமும் சுற்றிலும் இருக்கைகளும் வேண்டும். உடுக்கடிப் பாட்டுக்கோ கலைஞரின் முகம் தெரியும் நெருக்கம் வேண்டும். எந்தக் கலை நிகழப்போகிறது என்பதைக் கேட்காமல் வரைந்த அரங்கம் இரண்டுக்குமே உதவாது.

ஆகவே உள்ளாட்சிகளும் அறக்கட்டளைகளும் கட்டமைப்புப் பொறியாளரை நியமிக்கும் அன்றே அரங்க வடிவமைப்பாளரையும் நியமிக்க வேண்டும். அவருக்கான கட்டணம் மதிப்பீட்டில் தனி இனமாக இடம்பெற வேண்டும். முதல் வரைபடம், கட்டமைப்பு, மின் இணைப்பு ஆகிய மூன்று கட்டங்களிலும் அவர் ஒப்புதல் தர வேண்டும். நம் பங்கும் இருக்கிறது: விளக்குக் குழாய்க்கான எடை கிலோவில், மின்தேவை ஆம்பியரில், கடைசி வரிசையின் பார்வைக் கோடு வரைபடத்தில் என எழுத்தில் கொடுக்க ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.