கார் கண்ணாடியில் 'பொட்டு' அடைப்பு! கேரண்டி எதற்கு? பில்லில் எழுதுங்கள்!

தென்காசி:

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். தென்காசி ரோட்டில் கார் கூட்டம். மதுரை வண்டி, தூத்துக்குடி வண்டி, கேரள வண்டி என்று வரிசை கட்டி வரும். அதே ரோட்டில்தான் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகின்றன.

லாரிக்குப் பின்னால் போகும் காரின் முன் கண்ணாடியில் "டக்" என்று ஒரு சத்தம்! பார்த்தால் மிளகு அளவில் ஒரு பொட்டு. அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போல நாலு கீறல்.

கண்ணாடியையே மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. பொட்டை அடைத்தால் நூற்றுக்கணக்கில் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் அடைக்கத்தான் பார்ப்பார்கள். தகராறு அதற்குப் பிறகுதான் வருகிறது.

"அண்ணாச்சி, கேரண்டி உண்டுமா?"

"உண்டும் சார்! தைரியமா போங்க!"

இவ்வளவுதான் பேச்சு. எதற்குக் கேரண்டி, எத்தனை நாளைக்கு, விரிந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் பேசுவது இல்லை. "தழும்பே தெரியாது, மறுபடி விரிந்தால் புதுக் கண்ணாடி" என்று வந்தவர் நினைத்துக்கொள்கிறார். "நான் அடைத்த பொட்டு பெயராது" என்பதுதான் கடைக்காரர் மனதில். ஒரே வார்த்தை, இரண்டு கணக்கு!

உள்ளே நடப்பது என்ன?

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித் தகடுதான் உடைகிறது. அந்த ஓட்டையில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற திரவப் பிசினை அழுத்தி ஏற்றுவார்கள். புற ஊதா விளக்கைக் காட்டியதும் பிசின் இறுகிவிடும்.

விரிசல் மேலே ஓடாமல் நிறுத்தத்தான் இந்த வேலை. எவ்வளவு நன்றாக அடைத்தாலும் மங்கலாக ஒரு தழும்பு இருக்கத்தான் செய்யும். வேலை நடக்கும்போதே கண்ணாடி விரிந்துவிடுவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தப்பு கடைக்காரர் மேல். சொன்ன பிறகும் சட்டையைப் பிடித்தால் தப்பு வந்தவர் மேல்.

பக்கக் கண்ணாடி வேறு ரகம். உடைந்தால் கல்கண்டு மாதிரி சிதறும். அதை அடைத்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குற்றாலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீர்! பொட்டுக்குள் ஈரமோ தூசியோ புகுந்தால் பிசின் சரியாகப் பிடிக்காது. ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சாரலில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் ஊறி இருக்கும். அதை உலர்த்திய பிறகுதான் பிசின் ஏற்ற வேண்டும். வாசலில் வரிசை நிற்கிறது என்று அவசர அவசரமாக அடைக்கிறவருக்குக் கேரண்டி சொல்ல என்ன யோக்கியதை? கல் பட்டவுடன் பொட்டின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் ஈரம் புகாது. அது வண்டிக்காரர் பொறுப்பு.

டிரைவர் கண்ணுக்கு நேரே...

இது காசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. டிரைவர் கண்ணுக்கு நேரே தழும்பு இருந்தால், ராத்திரியில் எதிர் லாரி விளக்கு அதில் பட்டுச் சிதறும். மழை நேரத்தில் புளியரைக்கு மேலே ஆரியங்காவு வளைவுகளில் ஒரு வினாடி கண் கூசினால் போதும்!

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், டிரைவருக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர் வரை விடுகிறார்கள். "அந்த இடத்தில் அடைக்க மாட்டேன்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவரை ஏச வேண்டாம். அவரே புதுக் கண்ணாடியும் விற்கிறாரா? அப்படியானால் ஸ்கேல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்!

பில்லில் என்ன எழுதுவது?

நாலு வரி போதும். அடைத்த இடத்தில் இருந்து விரிசல் ஓடினால் கூலி முழுவதும் திருப்பித் தரப்படும். புதுக் கண்ணாடி கிடையாது. தழும்பு தெரியும். வேறு கல் பட்டால் கடை பொறுப்பல்ல. அதோடு, எந்தத் தேதி வரை என்பதையும் எழுத வேண்டும். நூறுகளில் கூலி வாங்கியவரிடம் ஆயிரங்களில் கண்ணாடி கேட்பது நியாயம் ஆகாது.

ஆனால் "கடைக்கு நேரில் வந்தால்தான் கேரண்டி" என்ற வரி இருக்கிறதே, அது சுத்த ஏமாற்று. சீசனுக்கு வந்துபோன சென்னைக்காரர் ஒரு பொட்டுக்காகத் தென்காசிக்கு மறுபடி வருவாரா? செல்போனில் படம் அனுப்பினால் பணம் திரும்ப வேண்டும். கூலி வாங்கும்போது செல்போன் உதவுகிறது. திருப்பித் தரும்போது மட்டும் உதவாதா?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறைகேடான வணிகம். வேலை குறைபாடாக இருந்து, பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும் அப்படித்தான். பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கல்லைச் சிந்திய லாரி? அதனிடம் யார் கேரண்டி கேட்பது! சோதனைச் சாவடி புளியரையில்தான் இருக்கிறது. தார்ப்பாய் போடாத ஜல்லி லாரியை அங்கேயே நிறுத்தி, தார்ப்பாயைக் கட்டிய பிறகு அனுப்பட்டும்.