மில்டனின் ஆலிலை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர் பலருக்கு மில்டன் ஒரு நெடுவினா மட்டுமே. கைடில் உள்ள கதைச்சுருக்கத்தையும் சாத்தானின் பாத்திரப் படைப்பையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1652வாக்கில் பார்வையை முற்றிலும் இழந்த ஒருவர், தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்து முடித்து 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்', இப்படிக் கடந்துபோகக்கூடிய காவியம் அல்ல. நம் வட்டாரத்து வாசகருக்கு அதற்குள் தனி வாசலே இருக்கிறது.

ஒன்பதாம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் ஏவாளும் நாணி, உடலை மறைக்க இலை தேடுகிறார்கள். பைபிள் அத்தியிலை என்கிறது. மில்டனோ அது பழத்துக்குப் பேர்போன அத்தியல்ல, மலபாரிலும் தக்காணத்திலும் விழுதுவிட்டுப் பரவும் மரம் என்கிறார். நம் ஆலமரம்தான்! அதன் இலை கேடயம்போல் அகன்றது என்றும் பாடுகிறார். உள்ளங்கை அளவு ஆலிலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிழை என்று உடனே தெரியும். மில்டன் அந்த மரத்தைக் கண்டவரல்லர். ஜெரார்டின் மூலிகை நூல் போன்றவற்றிலிருந்து எடுத்தார் என்பது ஆய்வாளர் கருத்து.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாள் வடபத்ரசாயி: ஊழி வெள்ளத்தில் ஆலிலைமேல் துயில்பவன். இங்கே ஓர் இலை உலகுண்ட குழந்தையைத் தாங்குகிறது. அங்கே அதே மரத்தின் இலை, வீழ்ந்த மனிதரின் நாணத்தை மூடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எது?

இதற்கு நமக்கு முன்னோடிகள் உண்டு. வெள்ளகால் சுப்பிரமணிய முதலியார் மில்டனைச் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளாக்கினார். வ.வே.சு. ஐயர் பெல்லாரிச் சிறையில் இருந்தபடி கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அது நூலானது 1950இல்தான். ஆண்டாள் கதையைத் தெலுங்கில் காவியமாக்கிய கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்த மால்யதா'வைத் தமிழுக்குத் தந்து, 1989ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்ற மு.கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்துக்காரர்.

ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து ஒன்பதாம் காண்டத்தைக் கம்பனோடும் பெரியாழ்வாரோடும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆசிரியர்களே, வரும் பருவத்திலேயே தொடங்குங்கள். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை இவ்விதழ் வெளியிடும்.