பொறுத்தல் வேறு, பணிதல் வேறு

"பொறு" என்ற சொல்லை நாம் எளிதில் நம்புவதில்லை. நம்புவதற்கில்லை! உழைத்தவன் உரிமை கேட்டபோது, பொறு என்றனர். ஒதுக்கப்பட்டவன் கேட்டபோது, முற்பிறவிப் பயன், பொறு என்றனர். பெண் கேட்டபோது, பூமாதேவியைப் பார், பொறு என்றனர். பொறுத்தவன் மெலிந்தான், பொறு என்றவன் கொழுத்தான். அந்தச் சொல்லின் முகமூடியைக் கிழிக்கவே மேடைகள் அமைத்தோம். ஆகவே, கொதித்தெழும் இளம் பருவத்தினருக்குத் துன்பத்தைத் தாங்கும் திறன் கற்பிக்கும் மருத்துவமொன்று அமெரிக்காவிலே தோன்றிப் பரவியிருக்கிறது என்றதும், நம்மிற் பலருக்கு ஐயம் எழுவது இயல்பே. பழைய கள், புதிய மொந்தையோ?

அன்று, தோழர்களே! அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி — இயங்கியல் நடத்தை மருத்துவம். இயங்கியல்! ஹெகலும் மார்க்சும் கையாண்ட சொல். படிப்பகங்களிலே நள்ளிரவு வரை நாம் வாதிட்டுக் களைத்த சொல். எதிரெதிரான இரண்டு மோதி, அவற்றினின்றும் புதியதொன்று பிறக்கும் என்ற அந்தத் தத்துவம், ஆலை வாயிலைத் தாண்டி மனநல விடுதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. "இருக்கும் நிலையிலேயே உன்னை ஏற்கிறேன்" என்பது ஓர் உண்மை. "நீ மாறியாக வேண்டும்" என்பது மற்றோர் உண்மை. முன்னதை மட்டும் சொன்னால் நோயாளி தேங்கி நிற்கிறான். பின்னதை மட்டும் சொன்னால் கதவைச் சாத்திக் கொள்கிறான். இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவே இம்மருத்துவம்.

இதனைக் கண்டவர் மார்ஷா லினஹன் எனும் அம்மையார். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகப் பேராசிரியராய் விளங்கியவர். 1961-ல், பதினேழு வயதுப் பெண்ணாக, ஹார்ட்போர்டு நகரின் மனநல மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார். தன்னைத்தானே காயப்படுத்திக் கொண்ட அந்தப் பெண்ணுக்குத் தனியறையும் பூட்டும் கிடைத்தன. வேதனையைத் தாங்கிக் கடப்பதற்கு வழி கிடைக்கவில்லை. மீண்டார், கற்றார், 1991-ல் தம் முறையின் முதல் ஒப்பாய்வை வெளியிட்டார், 1993-ல் நூலாக்கினார். தாமும் அத்தகைய நோயாளியாய் இருந்தவரே என்பதை 2011-ல் உலகறியச் சொன்னார் — எந்த இடத்தில் அடைபட்டுக் கிடந்தாரோ, அதே இடத்தில் நின்று! நாடகம் எழுதுவோன் இப்படியொரு காட்சி அமைத்தால், மிகைப்படுத்துகிறான் என்பர்.

முதியோர்க்கென அவர் வகுத்ததைப் பதின்பருவத்தினர்க்கு ஏற்ப மாற்றியவர்கள் அலெக் மில்லரும் ஜில் ராத்தஸும். அவர்கள் செய்த அரிய செயல் ஒன்றுண்டு: பெற்றோரையும் மாணவராக்கினர்! மகளோடு தாயும், மகனோடு தந்தையும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே பாடம் படிக்கின்றனர். நடுவழி நடத்தல் என்பது அப்பாடங்களுள் ஒன்று. அளவுக்கு மீறிய கண்டிப்பு, அளவுக்கு மீறிய விட்டுக்கொடுத்தல். வயதுக்கு இயல்பான குறும்பைக் குற்றமாக்குதல், குருதி கசியும் ஆபத்தை "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடுதல். தோளைவிட்டு இறக்காதிருத்தல், திடீரெனத் தெருவிலே இறக்கிவிடுதல் — இந்த இரட்டைப் பள்ளங்களுக்கிடையே வழி தேடும் பாடம் அது. நம் வீடுகளிலே ஒரே தந்தை திங்களன்று ஒரு பள்ளத்திலும் செவ்வாயன்று மறு பள்ளத்திலும் விழுவதைக் காணாதார் யார்?

கற்பிக்கப்படும் திறன்கள் மந்திரமல்ல, எளியவை. நில், ஓரடி பின்வாங்கு, கவனி, எண்ணிச் செய் — இது ஒன்று. உணர்ச்சி உச்சத்தில் நிற்கையில், மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் சில நொடி முகம் அமிழ்த்தல் மற்றொன்று. நீரில் மூழ்குவோர்க்கு உடலே இதயத் துடிப்பைத் தணித்துக் கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தும் தந்திரம் அது. இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. செய்யாத குற்றத்துக்கு நாணி ஒளியத் தோன்றினால், ஒளியாதே, தலைநிமிர்ந்து வெளியே வா என்னும் எதிர்ச்செயல் பிறிதொன்று. ஜென் பௌத்தத்திலிருந்து, சடங்கை விலக்கி, விழிப்போடு கவனிக்கும் பயிற்சியை மட்டும் எடுத்துக் கொண்டனர். பகுத்தறிவாளர் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் இவையனைத்தையும் அமைதியான பொழுதிலே பழக வேண்டும். வீடு பற்றி எரிகையில் கிணறு வெட்டப் புகலாமோ?

பலன் உண்டா? 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்விலே 173 இளம் பருவத்தினர் கலந்து கொண்டனர். ஆறு மாத முடிவில், ஆதரவுப் பேச்சு மருத்துவம் பெற்றோரைவிட இம்முறை பயின்றோரிடையே தற்கொலை முயற்சியும் தற்காயமும் குறைவாயிருந்தன. ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு சுருங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை; நாம் மருந்து வணிகரல்லவே.

இனி, தொடக்கத்து ஐயத்துக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக் கொந்தளிப்பைப் பொறுத்துக் கடப்பது, உயிரோடிருந்து நாளை போராடுவதற்காக. காலமெல்லாம் பொறு என்பது, போராடவே கூடாது என்பதற்காக. இரண்டையும் குழப்புவோர் இரு பக்கமும் உளர். மாணவர்க்கு மூச்சுப் பயிற்சி அளித்துவிட்டோம், இனித் தேர்வுமுறையைப் பற்றிப் பேசாதீர் என்னும் ஆட்சியாளர் ஒருபுறம். சமுதாயம் மாறினால் எல்லாம் மாறும், அதுவரை அழும் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்னும் வறட்டுக் கொள்கையர் மறுபுறம். நம் அணியிலும் அவர்கள் இல்லாமலில்லை! தேர்வில் தோற்றவர் ஓராண்டை இழக்காமல் விரைவிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்று தமிழகத்தில் வழி திறக்கப்பட்டதே, அது மூச்சுப் பயிற்சியன்று. அரசு செய்த மாற்றம். பல உயிர்களைக் காத்த மாற்றம். அதே வேளையில், தேர்வு முடிவு வெளியாகும் அந்த ஓர் இரவைக் கடக்கும் திறன் அந்தப் பிள்ளைக்கு இல்லையேல், துணைத்தேர்வு யாருக்காக? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலே இத்திறன்களைப் பாடமாக்குக. பள்ளிதோறும் பயின்ற ஆலோசகரை அமர்த்துக. பெற்றோரையும் அழைத்து உட்கார வைக்க. கேட்கும் உரிமை நமக்குண்டு, கேட்போம்.

மாலைப் பள்ளியும் படிப்பகமும் நடத்தும் தோழர்களுக்கு ஒரு சொல். இளைஞனொருவன் "இருக்கவே பிடிக்கவில்லை" என்றால், சொற்பொழிவு வேண்டா. தனியே விடவும் வேண்டா. அவன் சொல்வதைக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவனருகே இருந்தே அழையுங்கள். அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அன்றைய கூட்டத்துக்கு வேறொருவர் தலைமை தாங்கட்டும்.