இல்லாத சாய்வுக்கும் ஒரு விடை

"வகைக்கெழுவைக் கால்குலேட்டரே சொல்லிவிடும், வகையிடல் விதிகளைப் படிப்பது வீண்" என்கிறார் நண்பர். சாட்சிக்கு அமெரிக்காவின் ஏபி கால்குலஸ் தேர்வை அழைக்கிறார். அந்தச் சாட்சி அவருக்கே எதிராகப் பேசுகிறது: அத்தேர்வின் 6 விரிவான வினாக்களில் 2-க்கு மட்டுமே கால்குலேட்டருக்கு அனுமதி.

அங்கே பரவலாகப் புழங்கும் டிஐ-84 கருவி உண்மையில் வகையிடுவதே இல்லை. இயல்பான அமைப்பில், கேட்ட புள்ளிக்கு இருபுறமும் 0.001 தள்ளி இரண்டு மதிப்புகளை எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை 0.002-ஆல் வகுக்கிறது. நாம் கேட்டது தொடுகோட்டின் சாய்வு. அது தருவது வெட்டுக்கோட்டின் சாய்வு. எக்ஸின் மும்மடிக்கு 1 என்ற புள்ளியில் சரியான விடை 3. இந்தக் கணக்கில் வருவது 3.000001. சில்லறைப் பிழை, மன்னிக்கலாம். ஆனால் மட்டுச் சார்பு? அதன் வரைபடம் 0-இல் கூராக முறிகிறது. அங்கே வகைக்கெழுவே கிடையாது. கருவியோ கூசாமல் 0 என்கிறது. எக்ஸின் தலைகீழிக்கு 0-இல் மதிப்பே இல்லை. அதன் சாய்வு 10,00,000 என்கிறது!

"டிஐ-89 குறியீடாகவே வகையிடுமே" என்று அவர் மடக்கலாம். வகையிடும்தான், அவர் வீண் என்று தள்ளிய அதே விதிகளைக் கொண்டு. ஆனால் எந்தச் சார்பை, எதற்காக வகையிட வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

கால்குலேட்டரைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதன் விடையைச் சந்தேகிக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள் என்கிறேன்.